விரலுக்கு ஒரு வாரம்

எனக்கு வேலை போனதைப் பத்தி யாரும் வருத்தப்பட வேண்டாம். நானே வருத்தப்படலை. ஆனா திருவெறும்பூர் பஸ் ஸ்டாப்புல, நர்ஸம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிறாங்களாம். யாருக்குக் கிறுக்குப் பிடிச்சதுன்னு கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.

என் பேரு வஹீதா. வீடு பாலக்கரைல. திருவெறும்பூர் தாண்டி தஞ்சாவூர் ரோட்டுல வஜ்ரவேல் வெசல்ஸ்னு ஒரு கம்பெனி. பெரிய பெரிய இரும்பு டேங்க் செய்யிற இடம். அங்க முதலுதவி ரூம்ல பதினோரு வருஷம் நர்ஸா இருந்தேன். தலைவலி மாத்திரை, கண்ணுல விழுந்த இரும்புத்தூள், வெயில்ல மயக்கம், இதுதான் என் வேலை. மாசத்துக்கு ஒரு தையல் போட்டா அது பெரிய விஷயம்.

அந்த அளவுக்கு நல்லா ஓடினதுக்குக் காரணம் ரெண்டாம் ஷெட்டுல இருந்த ரெண்டு பேரு. மேல முப்பதடி உயரத்துல கிரேன் ஓட்டுறவரு விக்டர். கீழ இரும்புப் பிளேட்டுல சங்கிலி மாட்டுறவன் ஆசீர், இருபத்தியாறு வயசு. டேங்க் பாதி எழும்பிருச்சுன்னா விக்டருக்கு ஆசீரைத் தெரியாது. கையைக் காட்டினாலும் பிரயோஜனமில்லை. கத்தினா? அந்த ஷெட்டுல அடிக்கிற அடிக்கும் அரைக்கிற அரைப்புக்கும் பக்கத்துல நிக்கிறவன் தும்மினாக்கூடக் கேக்காது. தகரக் கூரைக்கு அடில போன்ல டவரும் எடுக்காது. அதனால கம்பெனி வைஃபைல ஒரு பேசுற ஆப் போட்டு, காதுல மாட்டிக்கிட்டு வேலை பாத்தாங்க. மூணே வார்த்தைதான். தூக்கு, நிறுத்து, இறக்கு. ஆசீர் எதையும் ரெண்டு தடவை சொல்லுவான். விக்டர் அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லிட்டுத்தான் கையை அசைப்பாரு. இவங்க ரெண்டு பேரும் ஏற்படுத்திக்கிட்ட சட்டம் அது. எந்த ஆபீசரும் எழுதிக் குடுக்கலை. அஞ்சு வருஷத்துல ஒருத்தர் மேலயும் ஒரு பிளேட் விழலை.

இப்படி இருக்கையில, ஆபீஸ்ல ஒரு புண்ணியவான் கம்பெனி கம்ப்யூட்டர்ல ரம்மி ஆட்டத்தை இறக்கினாரு. கூடவே வைரஸும் இறங்கி, டேங்க் படம் பூரா ஒரு வாரம் திறக்கலை. ரம்மி ஆடினவருக்கு ஒண்ணும் ஆகலை, அவரு முதலாளிக்கு மச்சான். அதுக்குப் பதிலா சித்தார்த்தன்னு ஒருத்தரைத் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரின்னு கொண்டுவந்து இறக்கினாங்க. ஸ்ரீரங்கத்துல அடுக்குமாடி வீடு, நெத்தில எப்பவும் ஒரு சுருக்கம், இடுப்புல மூணு சாவிக்கொத்து. அவரு கூடவே ஃபயர்வால்னு, வைஃபைக்குக் காவல் நிக்கிற ஒரு பெட்டியும் வந்துச்சு. வீட்டு டிவிடி பிளேயர் அளவுதான் இருக்கும். கண்ணாடி ரூம் கட்டி, ரெண்டு ஏசி போட்டு, அதுக்குள்ள வெச்சாங்க. எங்க முதலுதவி ரூம்ல ஒரு ஃபேன், அதுவும் கழுத்தைத் திருப்பாது.

பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, வாசல்ல பூசணிக்காய் உடைச்சாங்க. அப்புறம் சித்தார்த்தன் மைக்கைப் பிடிச்சாரு.

"இதுநாள் வரைக்கும் எது கெட்ட ஆப்புன்னு தேடித்தேடி அடிச்சீங்க. அது கோழைத்தனம். இன்னையிலேருந்து எது நல்ல ஆப்புன்னு நான் சொல்லுவேன். மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதைத் தவிர உலகத்துல இருக்கிற எல்லாமே எதிரி. வாசல்ல வந்து நின்னதும் கழுத்து அறுபடும். நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேள்வியே கிடையாது. கேள்வி கேக்கிற இடத்துலதான் துரோகம் ஆரம்பிக்குது."

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், சமோசா வரப்போவுதுன்னு.

அந்த ஒன்பது என்னன்னா, வருகைப் பதிவு, லீவு, கேன்டீன் டோக்கன், மெயில், இப்படிப் போயி, முதலாளியோட இன்றைய சிந்தனைக்கு ஒண்ணு, முதலாளி வீட்டு விசேஷத்துக்கு வாழ்த்து அனுப்ப ஒண்ணு. ஒன்பதாவது ஆப் மத்த எட்டு ஆப்புக்கும் நட்சத்திரம் குடுக்கிறதுக்கு. பேசுற ஆப் அதுல இல்லை.

மறுநாள் காலைல ஒரு பிளேட்டைப் பாதி தூக்கியிருக்கையில குரல் நின்னுபோச்சு. ஆசீர் போனைப் பாத்தா, 'இந்தச் செயலி உங்கள் பணிக்குத் தேவையற்றது'ன்னு சிவப்பு எழுத்துல வருது. குரல் வராததால விக்டர் கையை அசைக்கலை. ஒன்றரை டன் பிளேட் அந்தரத்துல அரை மணி நேரம் தொங்குது. சூப்பர்வைசர் கீழேருந்து ரெண்டு கையையும் ஆட்டி, இறக்குய்யா இறக்குய்யான்னு குதிக்கிறாரு. கடைசில விக்டர் மனசில்லாம இறக்கினாரு. கீழ ஆசீர் நிறுத்து நிறுத்துன்னு செத்துப்போன போன்ல கத்திட்டு இருந்தான். பக்கத்துல வெல்டர் ஜமீல் குனிஞ்சு நின்னுட்டு இருந்தாரு.

ஜமீலை என்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க. ஷூவைக் கத்திரிக்கோலால வெட்டி எடுத்தேன். பெருவிரல் நுனி விரலாவே இல்லை. சாக்ஸோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த மனுஷன் வலில என் கையைக் கடிச்சிட்டாரு. பரவாயில்லை கடிங்கன்னுட்டு ஊசியைப் போட்டேன்.

சாயந்தரமே விக்டரும் ஆசீரும் நானும் சித்தார்த்தன் ரூமுக்குப் போனோம். நல்ல மரியாதையா உக்கார வெச்சாரு.

"போன வருஷம் இந்த ஆப் இல்லாததால எத்தனை விபத்து?" அப்படின்னாரு.

"போன வருஷம் ஆப் இருந்துச்சே சார்," விக்டர் சொன்னாரு. "அதனால ஒண்ணும் ஆகலை."

"அப்ப பூஜ்யம்." எழுதிக்கிட்டாரு. "அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் இருந்துச்சு சார்."

"அதுவும் பூஜ்யம். அஞ்சு வருஷமா ஒரு விபத்துகூட நடக்காத இடத்துக்கு எதுக்குங்க ஆப்?"

"சார், அது இருந்ததாலதான் நடக்கலை!" ஆசீர் எந்திரிச்சே நின்னுட்டான்.

"அது உங்க நம்பிக்கை தம்பி. யாரோட நம்பிக்கையையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அனுமதி குடுக்கிற கமிட்டி ஆதாரம் கேக்கும்."

"சரி சார், வாக்கிடாக்கியாவது வாங்கிக் குடுங்க," நான் சொன்னேன்.

"அது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். நாலு வருஷமா பரிசீலனைல இருக்கு. நல்லாப் போயிட்டிருக்கு, நான் விசாரிச்சேன்."

"இன்னைக்கு ஜமீல் கால் நசுங்கினது ஆதாரம் இல்லையா?"

அவரு முகத்துல முதல் தடவையா ஒரு வெளிச்சம். "அதான் சிஸ்டர் நான் எதிர்பாத்தது! இப்பத்தான் நாம சரியான பாதைல வந்திருக்கோம்."

மூணாம் நாள் நோட்டீஸ் போர்டுல ஒரு அட்டவணை ஒட்டினாங்க. அடச்சீ! ஆப் தேவைன்னு நிரூபிக்கிற காயமும் அதுக்குக் கிடைக்கிற அனுமதியும். நகம் பெயர்ந்தா ஒரு மணி நேரம். விரல்ல ஒரு கணு போனா ஒரு நாள். முழு விரலுக்கு ஒரு வாரம். ரெண்டு விரலுக்கு ஒரு மாசம். கை அல்லது கால் போனா நிரந்தர அனுமதி. உயிர் போனா, கமிட்டியின் பரிசீலனைக்கு உட்பட்டது. கீழ, சான்றளிக்க வேண்டியவர்: முதலுதவி செவிலியர்னு என் பதவியைப் போட்டிருந்தாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

ஜமீல் விரலுக்காகக் கமிட்டி கூடுச்சு. என்னையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, போனது ஒரு கணுவா ரெண்டு கணுவான்னு கேட்டாங்க. ஒண்ணுன்னேன். கால் விரலும் கை விரலும் ஒண்ணான்னு ஒருத்தர் சந்தேகம் கிளப்பினாரு. ரெண்டு மணி நேரம் விவாதம். முந்திரி பக்கோடா வந்துச்சு, தின்னாங்க, மறுபடி விவாதம். கடைசில கால் விரல், கை விரல்ல பாதின்னு தீர்மானம் போட்டாங்க. ஆக ஜமீலுக்கு அரை நாள் அனுமதி. அதையும் ஞாயித்துக்கிழமை காலைல குடுத்தாங்க, அன்னைக்கு ஷெட்டே பூட்டி இருக்கு.

நல்லா இருங்கடான்னு சொல்லிட்டு வந்தேன், வேற என்னத்தைச் சொல்றது?

அதுக்கப்புறம் ரெண்டாம் ஷெட் கசாப்புக் கடையாப் போச்சு. சங்கிலி சுழண்டு வந்து ஒருத்தர் தலைல அடிச்சு ஆறு தையல். தலை அட்டவணைல இல்லை. இன்னொருத்தருக்கு விலாவுல ரெண்டு எலும்பு. விலாவும் இல்லை. ஒருத்தருக்கு நகம் மட்டும் பெயர்ந்துச்சு, ஒரு மணி நேரம் ஆப் வந்துச்சு. அந்த ஒரு மணி நேரத்துல விக்டரும் ஆசீரும் வேர்த்து விறுவிறுத்து பதினாலு பிளேட்டை ஏத்தினாங்க. ஒருத்தருக்கும் கீறல் இல்லை. மணி அடிச்சதும் குரல் நின்னுபோச்சு. வேலையை நிறுத்தினா என்னன்னு கேப்பீங்க. கேட்டுக்கு வெளில நாப்பது பேரு தினமும் சோத்து டப்பாவோட வந்து நிக்கிறான், எப்ப ஒருத்தன் வெளில போவான்னு.

நானும் ஆசீர்கிட்ட சொன்னேன். "நீ போயிருடா. தொட்டியத்துல உன் மாமனாருக்கு வாழைத் தோப்பு இருக்குல்ல?"

"நான் போனா அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பான் சிஸ்டர்," அப்படின்னான். "அவனுக்கு விக்டரண்ணன் குரலே தெரியாது. ரெண்டே நாள்ல நசுங்கிருவான்."

அப்பத்தான் பஷீர் அகமது என் ரூமுக்கு வந்தாரு. கட்டிங் மெஷின்ல வேலை, ரிட்டயர் ஆவ நாலு மாசம். இடது கையைத் துணில சுத்திக்கிட்டு, என்னமோ கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தவரு மாதிரி சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு. துணியைப் பிரிச்சா சுண்டு விரலைக் காணோம். வலது கைல ஒரு டீ கிளாஸ், அதுக்குள்ள விரல்.

"யா அல்லாஹ்! என்னங்க பாய் பண்ணித் தொலைச்சீங்க?"

"ரிட்டயர் ஆயி வீட்ல உக்காந்து சுண்டு விரலை வெச்சு என்னம்மா பண்ணப் போறேன்? காது குடையணும்னா வலது கை இருக்கு. முழு விரல்னு எழுதிக் குடு. ஒரு வாரம் பசங்க பயமில்லாம வேலை பாக்கட்டும்."

எனக்கு அழுகையா வந்துச்சு, கோவமாவும் வந்துச்சு. அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே தையல் போட்டேன், திட்டிக்கிட்டே சான்றிதழும் எழுதினேன். ஒரு வார அனுமதி வந்துச்சு. சித்தார்த்தன் எல்லாரையும் கூட்டி வெச்சுப் பேசினாரு.

"பாத்தீங்களா? முறை வேலை செய்யுது! தேவை நிரூபிக்கப்பட்டது, அனுமதி வழங்கப்பட்டது. ஃபயர்வாலுக்கு மனசாட்சி இல்லைன்னு சொன்னாங்க. மனசாட்சி இருக்கு. அதுக்கு ஒரு விரல்தான் தேவைப்பட்டுச்சு."

மூணே நாள். மூணாம் நாள் மத்தியானம் அந்தப் பேசுற ஆப் தன்னால அப்டேட் ஆயிருச்சு. குரல் போச்சு. சித்தார்த்தன்கிட்ட ஓடினா, கம்ப்யூட்டரைப் பாத்துட்டு ரொம்ப வருத்தமா தலையை ஆட்டுறாரு.

"இது புது வெர்ஷன். பாய் குடுத்த விரல் பழைய வெர்ஷனுக்கு."

விக்டர் அவரு சட்டையைப் பிடிச்சாரு. பிடிச்சா விடுற கையா அது, பதினெட்டு வருஷம் கிரேன் லீவரைப் பிடிச்ச கை. செவுத்துல வெச்சு ஒரு மோது மோதினாரு. செக்யூரிட்டி நாலு பேரு ஓடி வந்து, லத்தியால விக்டரை முதுகு, முழங்கால், வாய்னு பாக்காம விளாசினாங்க. நான் குறுக்க போயி விழுந்தேன், எனக்கும் தோள்ல ரெண்டு விழுந்துச்சு. விக்டருக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. வாயில பஞ்சை வெச்சு அமுக்கிட்டு இருக்கேன், சித்தார்த்தன் சட்டைப் பொத்தானைத் தேடிக்கிட்டே வந்து, "பல்லு அட்டவணைல இல்லை சிஸ்டர், தெரியும்ல?" அப்படின்னாரு.

அதோட ஜனங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. நகம், கணு, விரல்னு சில்லறையா குடுத்துக்கிட்டு இருந்தா யாருக்கும் உடம்புல ஒண்ணும் மிஞ்சாது, மொத்தமா ஒரு கையைக் குடுத்து நிரந்தர அனுமதி வாங்கிடலாம்னு கேன்டீனுக்குப் பின்னால கூடிப் பேசியிருக்காங்க. யாரு கை? சீட்டு குலுக்கி எடுக்கிறதுன்னு முடிவு. நம்ம தெருவுல மாசாமாசம் பொம்பளைங்க சீட்டுக் குலுக்குற மாதிரியே, பேரை எழுதிச் சுருட்டி, டிபன் பாக்ஸுல போட்டு, மூடி குலுக்கி ஒண்ணை எடுத்திருக்காங்க. ஆசீர் பேரு வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணி, இடது கை, கட்டிங் மெஷின்.

எனக்கு இதை வந்து சொன்னது ஆசீர் பொண்டாட்டி அனிஷா. புதன்கிழமை வேலை நேரத்துல கேட்டுல கெஞ்சிட்டு உள்ள வந்திருந்தா. ஸ்கூல் டீச்சர், பதட்டப்படாத பொண்ணு. அன்னைக்கு உதடு காஞ்சு போயிருந்துச்சு.

"சிஸ்டர், அவரு நேத்துலேருந்து எல்லாத்தையும் ஒத்தக் கையாலயே செஞ்சு பாக்குறாரு. சட்டை மாட்டுறாரு, பைக் சாவி திருப்புறாரு. எதுக்குன்னு கேட்டா பழகிக்கிறேங்கிறாரு."

அவளைக் கட்டிப் பிடிச்சு உக்கார வெச்சேன். ஆசீரைக் கூப்பிட்டு அவ முன்னாடியே கன்னத்துல ஒண்ணு விட்டேன்.

"அடிங்க சிஸ்டர்," அப்படின்னான். "ஆனா தலை போறதுக்குக் கை போறது மேல். தினமும் பிளேட் தலைக்கு மேலதான் தொங்குது."

நேரா சித்தார்த்தன்கிட்ட போனேன். பதினோரு வருஷத்துல நான் யாருகிட்டயும் கை கூப்பினதில்லை, அன்னைக்குக் கூப்பினேன். "சார், ஒரு பையன் கையை வெட்டிக்கப் போறான். நீங்க ஒரு பட்டனைத் தட்டினா நின்னுபோகும்."

அவரு அதிர்ச்சியாவே ஆகலை. நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு, கனிவா பேசினாரு. "பட்டனைத் தட்டுறது எட்டு செகண்ட் வேலைதான் சிஸ்டர். ஆனா எட்டு செகண்ட்ல செஞ்சா கமிட்டி எதுக்கு, அட்டவணை எதுக்கு, நான் எதுக்கு? ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை நிரந்தர அனுமதி தாமதமாகக் கூடாது. அதனால சான்றிதழை முன்கூட்டியே எழுதிக் கொண்டாந்திடுங்க. மணிக்கட்டு வரைக்குமா முழங்கை வரைக்குமாங்கிறதை மட்டும் அவரைக் கேட்டுத் தெளிவாப் போட்டுருங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லி வெக்கலாம். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மனிதாபிமானமாம்! தென்னூர்ல என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு அன்னைக்குச் சாயந்தரம் போனேன், பிரியாணியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டேன். யாரு என்ன கேட்டாலும் மணிக்கட்டா முழங்கையாங்கிறதுதான் காதுல விழுந்துச்சு.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் சான்றிதழ் படிவத்தை ஒரு கைல எடுத்துக்கிட்டேன். ஜமீல் மேஜை மேல கிடந்த எட்டுப் பவுண்டு சம்மட்டியை இன்னொரு கைல எடுத்துக்கிட்டேன். ஷெட்டுக்கு நடுவுல நடந்து போனேன். ஆசீர் ஒரு பிளேட்டுல சங்கிலி மாட்டிட்டு இருந்தான், நிமிர்ந்து பாக்கலை. கண்ணாடி ரூம் கதவைத் தட்டினேன். படிவத்தைப் பாத்ததும் சித்தார்த்தன் சந்தோஷமாக் கதவைத் திறந்தாரு.

"அது என்ன சிஸ்டர், இன்னொரு கைல?"

"ஆதாரம் சார்."

உள்ள போயி முதல் அடி அடிச்சேன். குறி தப்பி மேஜைல பட்டு, மாலை தெறிச்சு அவரு தோள்ல விழுந்துச்சு. ரெண்டாவது அடி பெட்டியோட நடு மண்டைல. தகரம் உள் வாங்கி, பச்சை விளக்கெல்லாம் ஒரே நேரத்துல சிவப்பாச்சு. கீழ பேட்டரி கீச்சு கீச்சுன்னு அலறுது. ஜமீல் பெருவிரலுக்கு ஒண்ணு. பாய் சுண்டு விரலுக்கு ஒண்ணு. விக்டர் பல்லுக்கு ரெண்டு. உள்ளே இருந்த குடலையெல்லாம் சம்மட்டிக் காம்பால நோண்டி வெளில இழுத்துப் போட்டேன். வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அதை இங்க சொல்ல முடியாது.

சித்தார்த்தன் ஓடி வந்து பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "வேணாம் சிஸ்டர்! இதை விட்டுடுங்க, என்னை அடிங்க!"

சம்மட்டி தலைக்கு மேல இருக்கு. "கையை எடுங்க சார்," அப்படின்னேன். "மணிக்கட்டு வரைக்கும்னு எழுதியிருக்கேன். யாரு கைன்னு இன்னும் எழுதலை."

அந்த மனுஷன் கையை இழுத்த வேகம் இருக்கே, அட அட! சட்டைக் கைக்குள்ள ரெண்டு கையையும் ஒளிச்சுக்கிட்டு மூலைல போயி உக்காந்துட்டாரு. கடைசி அடியை நிதானமா அடிச்சேன்.

வைஃபை செத்துச்சு. ஆனா அதோட வருகைப் பதிவும் செத்துப்போகும்னு எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. திரைல அத்தனை பேரும் 'வரவில்லை'ன்னு ஆயிட்டாங்க. வராத ஆள் மெஷினைத் தொடக்கூடாதுன்னு கம்பெனில ஒரு விதி. விரல் போனதுக்கு நிக்காத ஷெட்டு, அதுக்கு நின்னுச்சு. சூப்பர்வைசருங்க அலறியடிச்சு ஓடி ஓடி ஒவ்வொரு மெஷினா அணைச்சாங்க. கட்டிங் மெஷின் அணைஞ்சப்போ மணி பத்து ஐம்பது. கிரேனை மட்டும், தொங்குற பிளேட்டை இறக்கணுமேன்னு விட்டு வெச்சாங்க.

பதினோரு வருஷத்துல அந்த ஷெட்டு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்லை. டேங்குக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஆசீர் வெறும் தொண்டைல, "இறக்கு, இறக்கு"ன்னான். மேலேருந்து ரெண்டு பல்லு இல்லாத வாயால விக்டர், "இறக்கு"ன்னாரு. பிளேட் சத்தமில்லாம வந்து கட்டை மேல உக்காந்துச்சு. நான் அங்கயே தரைல உக்காந்து ஓன்னு அழுதுட்டேன்.

பெட்டியை என் ரூம் ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சு, நாலு பேரு தூக்கி, முதலாளியோட கார்ல பின்சீட்டுல வெச்சு சென்னைக்கு அனுப்பினாங்க. வழில குலுங்கக்கூடாதுன்னு சித்தார்த்தன் மடில வெச்சுக்கிட்டாராம். பிழைக்கலை. கமிட்டி அவசரமாக் கூடுச்சு. கம்பெனி வரலாற்றுல இதுதான் முதல் கடுமையான விபத்துன்னு பதிவு பண்ணி, ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னாங்களாம். ஆதாரம் போதுமானதுன்னு சொல்லி, புதுப் பெட்டி வந்த அன்னைக்கே பேசுற ஆப்புக்கு நிரந்தர அனுமதி குடுத்துட்டாங்க, எல்லா வெர்ஷனுக்கும் சேத்து. திறப்பு விழாவுல சித்தார்த்தன் என்ன பேசினாருன்னு விக்டர் போன்ல சொன்னாரு. "தொழிலாளர் பாதுகாப்புக்காக இந்த நிறுவனம் எதையும் இழக்கத் தயார்னு நிரூபிச்சிருக்கோம்"னாராம்.

போலீஸுக்குப் போகலை. போனா அட்டவணையையும் காட்டணுமே. எனக்கு ஒரு கடிதம் மட்டும் குடுத்தாங்க. அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத கருவியைப் பணி நேரத்தில் பயன்படுத்திய காரணத்தால் நீக்கப்படுகிறீர்கள்னு.

இப்ப தென்னூர்ல ஒரு டாக்டர் கிளினிக்ல இருக்கேன். போன வாரம் அனிஷாவும் ஆசீரும் வந்தாங்க. ஆசீர் ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டே வந்தான். ரெண்டு கையும் இருந்துச்சு, விரல் பத்தும் இருந்துச்சு. உள்ளங்கை பூரா கொப்புளம்.

"என்னடா இது?"

"ஷெட்டுல குடிதண்ணி மெஷின் மூணு மாசமா ஓடலை சிஸ்டர். தண்ணி இல்லாம எத்தனை பேரு செத்தீங்கன்னு கேட்டு படிவம் குடுத்தாங்க. நேத்து முதலாளி கார் கம்பெனிக்கு வந்துச்சு, நாங்க மூணு பேரு போயி நிரூபிச்சோம். இன்னைக்குக் காலைலேருந்து தண்ணி வருது, ஜில்லுன்னு."

அனிஷா தலைல அடிச்சுக்கிட்டா. நான் ஆசீர் ரெண்டு கைக்கும் மருந்து போட்டுக் கட்டினேன். கட்டி முடிச்சுட்டு, சம்மட்டிக் காம்பை அவ்வளவு மேல பிடிக்காதடா, கொஞ்சம் இறக்கிப் பிடிச்சா கை பொத்துப் போகாதுன்னு காட்டிக் குடுத்து அனுப்பினேன்.